ஒட்டுண்ணிக் குளவிக்கும் வயசு உண்டு... அட்டையை எந்த நாளில் கட்டணும்?

'நாலாம் மாசத்துல இருந்து பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கரும்புக்கு ஒட்டுண்ணி அட்டை கட்டினேன். ஆறு தவணையும் விடல. அப்படியும் கணுவுக்குக் கணு ஓட்டை. பக்கத்து வயல்ல அதே அட்டையைக் கட்டினவங்களுக்குப் பலன் தெரியுது. எனக்கு மட்டும் ஏன் இப்படி?'

விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து ஒரு வாசகி நமக்கு எழுதிய கேள்வி இது. அவரிடம் போனில் விசாரித்தபோது விஷயம் பிடிபட்டது. அட்டை வாங்க டவுனுக்குப் போய்வர அரை நாள் ஆகிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு தவணைக்கான அட்டையைச் சேர்த்தே வாங்கியிருக்கிறார். ஒன்றை மறுநாளே கட்டிவிட்டு, இன்னொன்றைக் கவரோடு பீரோ மேல் வைத்து, பதினைந்து நாள் கழித்துக் கட்டியிருக்கிறார். 'வாங்கும்போது எப்படி இருந்துச்சோ, கட்டும்போதும் அப்படியே கறுப்பாத்தான் இருந்துச்சு' என்றார்.

அங்கேதான் பிசகு. அட்டை கறுப்பாகத்தான் இருந்தது. ஆனால், உள்ளே குளவி இல்லை. ஆறு தவணையில் மூன்று தவணை அவர் கட்டியது வெறும் கூடு ஒட்டிய காகிதம். பக்கத்து வயல்காரர் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக வாங்கி வந்து கட்டியிருக்கிறார்.

எத்தனை சி.சி. அட்டை, எத்தனை தவணை என்பதையெல்லாம் பலரும் சரியாகக் கேட்டுக்கொள்கிறார்கள். 'இந்தக் குளவிக்கு இன்றைக்கு என்ன வயசு?' என்று கேட்பவர்கள் குறைவு. மாட்டுக்கு வயசு பார்க்கிறோம். நாற்றுக்கு வயசு பார்க்கிறோம். ஒட்டுண்ணிக்கும் பார்க்க வேண்டும்.

அட்டைக்குள் நடப்பது என்ன?

கரும்பு இடைக்கணுப் புழுவுக்கு நாம் கட்டுவது 'டிரைக்கோகிரம்மா கைலோனிஸ்' என்ற முட்டை ஒட்டுண்ணி. அரை மில்லிமீட்டர்கூட இருக்காத குளவி. தாய் அந்துப்பூச்சி தோகையில் இட்டு வைக்கும் முட்டைக்குள் இது தன் முட்டையைச் செருகிவிடும். பிறகு அந்த முட்டையில் இருந்து புழு வராது, குளவிதான் வரும்.

இதை வளர்க்க, அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, புற ஊதா வெளிச்சம் காட்டிக் கருவைச் செயலிழக்க வைப்பார்கள். பிறகு தாய்க் குளவிகளிடம் கொடுப்பார்கள். ஒரு சி.சி. அட்டை என்பது ஏறத்தாழ 16,000 முதல் 20,000 முட்டைகள். குளவி முட்டை வைத்த மூன்றாவது, நான்காவது நாளில் அவை கறுப்பாகும். நம் ஊர் வெப்பத்தில் எட்டாவது நாள் வாக்கில் குளவி முட்டை ஓட்டில் துளை போட்டு வெளியே வரும். வெயில் காலத்தில் ஒரு நாள் முன்னே, குளிர் காலத்தில் ஓரிரு நாள் பின்னே இருக்கும்.

குளவி வெளியேறிய பிறகும் முட்டை ஓடு கறுப்பாகவேதான் இருக்கும். வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முட்டையிலும் ஊசி முனை அளவு துளை தெரியும். துளை இருந்தால் குளவி போய்விட்டது என்று அர்த்தம். வாசகியின் பீரோ மேல் இருந்த அட்டையில் முதல் வாரத்திலேயே குளவிகள் பொரித்து, கவருக்குள்ளேயே செத்திருக்கின்றன.

மூட்டையோடு பிறக்கும் குளவி

'பொரித்து ஒரு நாள், இரண்டு நாள் ஆனால் என்ன, உயிரோடுதானே இருக்கிறது?' என்று கேட்கலாம். இந்தக் குளவியின் பிறவியே வேறு மாதிரி. டிரைக்கோகிரம்மா வெளியே வரும்போதே, தன் ஆயுளுக்கும் இடப்போகும் முட்டைகளில் பெரும்பகுதியை வயிற்றில் முதிர்ந்த நிலையில் சுமந்துகொண்டுதான் வருகிறது. பத்தாயத்தில் நெல்லை நிரப்பி வைத்துவிட்டு வருடத்தைத் தொடங்குகிற குடும்பம் மாதிரி. செலவு மட்டும்தான், புது வரவு மிகக் கொஞ்சம்.

அதனால் அதன் வேலைக்காலம் மிகக் குறுகியது. தேன் கிடைத்தால் ஒரு வாரம் வரை உயிர் வாழும். ஒன்றும் கிடைக்காவிட்டால் இரண்டு, மூன்று நாளில் செத்துப்போகும். ஒரு வாரம் வாழ்ந்தாலும், முட்டையில் பெரும்பகுதியை முதல் இரண்டு நாளில் இட்டுவிடுகிறது. பிந்தைய நாள்களில் குளவி இருக்கும், வேலை இருக்காது.

வயசு ஏற ஏற நாலு விஷயங்கள் மாறுகின்றன.

ஒன்று, தேடும் தெம்பு. அந்துப்பூச்சி முட்டையிடும்போது இலையில் அதன் சிறகுச் செதில்கள் உதிரும். அந்த வாடையை மோப்பம் பிடித்துத்தான் குளவி முட்டை இருக்கும் இடத்துக்கு நெருங்குகிறது. பெரும்பாலும் இலை மேல் நடந்தே தேடும். இடையிடையே சின்னதாகப் பறக்கும். வயசான, பசித்த குளவி குறைவாக நடக்கும், அதிகம் ஓய்வெடுக்கும். கரும்புத் தோகை மாதிரி நீளமான இலையில், கொஞ்சம் முட்டைகளைத் தேடி அலைய வேண்டிய குளவிக்கு இது பெரிய இழப்பு.

இரண்டு, முட்டையின் எண்ணிக்கை. முதல் நாளில் கையிருப்பு முழுதாக இருக்கும். கவருக்குள் அடைபட்ட குளவி, அதே அட்டையில் கிடக்கும் முட்டைகளில் தன் முட்டையை வீணாக்கிவிட்டு, காலி வயிற்றோடு வயலுக்கு வருகிறது.

மூன்று, பெண் பிள்ளைகள். இந்தக் குளவியில் ஆணோடு சேர்ந்து கருவுற்ற முட்டையில் இருந்து பெண் வரும். கருவுறாத முட்டையில் இருந்து ஆண் மட்டுமே வரும். ஆண் குளவிகள் சற்று முன்னால் பொரித்து, அட்டையிலேயே காத்திருந்து பெண்ணோடு சேர்ந்துகொள்ளும். பெண் தன் உடம்பில் சேர்த்து வைத்த விந்து, நாளாக நாளாகத் தீர்ந்துபோகும். அப்போது இடும் முட்டைகளில் ஆண் குளவிகளே அதிகம் பிறக்கும். புழுவின் முட்டையைத் தேடி அழிப்பது பெண் குளவி மட்டும்தான். அடுத்த தலைமுறையில் பெண் குறைந்தால், வயலில் ஒட்டுண்ணி தானாகப் பெருகுவது நின்றுபோகும்.

நான்கு, தேர்வு. இளம் குளவி முட்டை மேல் ஏறி நடந்து, உணர்கொம்பால் தட்டிப் பார்த்து, அளவு எவ்வளவு, ஏற்கெனவே வேறு குளவி முட்டை வைத்திருக்கிறதா என்று சோதிக்கும். பொதுவாக ஒட்டுண்ணிகளில், ஆயுள் முடியப்போகிறது என்ற நிலை வந்தால் இந்தக் கண்டிப்பு தளர்ந்துவிடும். கிடைத்ததில் இட்டுவிடும்.

பழத்தில் மொய்க்கும் சிறு ஈக்களின் புழுவைத் தாக்கும் ஒரு குளவியில் இதைச் சோதித்து, 1993-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். புயல் வருவதுபோல் காற்றழுத்தம் குறைந்தபோது, அந்தக் குளவிகள் ஏற்கெனவே வேறு குளவி முட்டை வைத்த புழுக்களிலும் முட்டையிட்டன. மேகம் திரண்டால், களத்தில் காய்கிற நெல்லை ஈரம் பார்க்காமல் அள்ளிக் கட்டுகிறோம் இல்லையா, அதே கணக்கு. ஆனால், ஏற்கெனவே ஒட்டுண்ணி இருக்கும் முட்டையில் இன்னொன்றை வைப்பதால் நமக்கு லாபம் இல்லை.

தென்னைக் குளவிக்கு வேறு கணக்கு

'அப்படியானால் எந்தக் குளவியையும் பொரித்த உடனே விட்டுவிட வேண்டும்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தென்னை கருந்தலைப்புழுவுக்கு விடும் பெத்திலிட் குளவியில், அதாவது கோனியோசஸ் நெபான்டிடிஸில், கணக்கு தலைகீழ்.

இந்தக் குளவி மூட்டையோடு பிறப்பதில்லை. பொரித்தபோது அதன் வயிற்றில் முதிர்ந்த முட்டை இருக்காது. சாப்பிட்டு, உடம்பு தேறி, முட்டைகளை ஒவ்வொன்றாக முதிர வைக்கும். தினம் பால் ஊற்றி, வாரம் பணம் வாங்கிக் குடும்பம் நடத்துவது மாதிரி. முட்டையிடத் தயாராக, கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். அதற்குப் பிறகு தேன் கிடைத்தால் ஒரு மாதத்துக்கு மேலும் வாழும்.

கருந்தலைப்புழு, ஓலையின் அடிப்பக்கம் தன் எச்சத்தையும் நூலையும் வைத்துக் கட்டிய கூண்டுக்குள் இருக்கும். குளவி அந்தக் கூண்டுக்குள் புகுந்து, புழுவைக் கொட்டி மயங்க வைத்து, அதன் மேல் பத்து முட்டை அளவில் இடும். பிறகு பக்கத்திலேயே இருந்து குஞ்சுகளைக் காவல் காக்கும். வேறு குளவி வந்தால் சண்டை போடும். அந்தச் சண்டையில் வயிற்றில் முதிர்ந்த முட்டை அதிகம் வைத்திருக்கும் குளவிக்கு ஜெயிக்கும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே, நேற்றுப் பொரித்த பெத்திலிட் குளவியைத் தோப்பில் விட்டால், அது முட்டையிடத் தயாராவதற்குள் பசியிலோ, எறும்பிடமோ, சிலந்தியிடமோ சிக்கிப் பாதி அழிந்துவிடும். வளர்ப்பு நிலையத்திலேயே ஆணோடு சேர விட்டு, தேன் கொடுத்து, ஒரு வாரம் கடந்த தாய்க் குளவிகளாகக் கேட்டு வாங்க வேண்டும். விடுவதற்கு முன்னால், கருந்தலைப்புழுவின் எச்சம் படிந்த கூண்டு வாடையைக் குளவிக்குக் காட்டி விட்டால், தோப்பில் புழுவைத் தேடும் திறன் கூடுகிறது என்கிறது காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம்.

மரவள்ளி மாவுப்பூச்சிக்காக ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இருந்து வரவழைத்து, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்ட அனகைரஸ் லோபெசி குளவியும் இந்த வகைதான். அது சின்ன மாவுப்பூச்சிகளைக் குத்தி, கசியும் நீரை உறிஞ்சி, அந்தச் சத்தில் முட்டையை வளர்த்துக்கொள்ளும்.

சுருக்கமாகச் சொன்னால், முட்டை ஒட்டுண்ணியைப் பொரிக்கும் முன்னே கட்ட வேண்டும். பெத்திலிட் குளவியை முதிர்ந்த பின்னே விட வேண்டும்.

புழு முட்டைக்கும் வயசு பாருங்கள்

குளவி இளமையாக இருந்தும், வயலில் இருக்கும் முட்டை கிழடாக இருந்தால் பலன் இல்லை. டிரைக்கோகிரம்மா விரும்புவது அன்றோ, முந்தின நாளோ இட்ட புது முட்டை. உள்ளே புழுவின் தலை உருவாகிக் கறுப்பு தெரிய ஆரம்பித்த முட்டையை அது ஒதுக்கிவிடும். அந்துப்பூச்சி பறக்க ஆரம்பிக்கும் நேரமும், குளவி பொரிக்கும் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறியில் அந்துப்பூச்சி விழ ஆரம்பித்ததும் அட்டைக்குச் சொல்லி வையுங்கள். குருத்து வாடி, கணுவில் ஓட்டை தெரிந்த பிறகு கட்டும் அட்டை, உள்ளே போய்விட்ட புழுவை ஒன்றும் செய்யாது.

இதைச் செய்து பாருங்கள்

*தேதி கேட்டு வாங்குங்கள்.* அட்டையின் பின்னால் ஒட்டுண்ணி ஏற்றிய தேதியும், பொரிக்கும் தேதியும் எழுதச் சொல்லுங்கள். எழுதாத அட்டையை வாங்காதீர்கள். கட்டுவதற்குச் சரியான நாள், பொரிப்பதற்கு முந்தின நாள் மாலை. ரொம்ப முன்னால் கட்டினால், எறும்பு முட்டைகளைத் தூக்கிப் போய்விடும்.

*ஒவ்வொரு தவணைக்கும் தனியாக வாங்குங்கள்.* கரும்புக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை, நான்காம் மாதத்தில் இருந்து 15 நாள் இடைவெளியில் 6 தடவை, ஹெக்டேருக்கு 2.5 சி.சி. ஏக்கருக்கு 1 சி.சி. வரும். ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து, முறை வைத்து ஒருவர் போய் வாங்கி வந்தால் அலைச்சல் குறையும்.

*நிழலில் கொண்டு வாருங்கள்.* டூ வீலர் பெட்டிக்குள், பஸ் ஜன்னல் ஓரம் வைத்தால் வழியிலேயே வெந்துவிடும். ஈரத்துணி சுற்றிய மண் கலயமோ, டிபன் பாக்ஸோ போதும். ஈரம் அட்டையில் நேராகப் படக் கூடாது.

*துண்டாக்கிப் பரப்பிக் கட்டுங்கள்.* இந்தக் குளவி வெகுதூரம் போகாது. 10 மீட்டருக்கு ஓர் இடம் என்று வைத்தால், ஏக்கருக்கு 40 இடம் வரும். அட்டையை அத்தனை துண்டாக வெட்டி, தோகையின் அடிப்பக்கம் வெயிலும் மழையும் படாத மாதிரி ஸ்டேப்ளர் பின்னால் குத்துங்கள். மாலை நேரமே நல்லது.

*சோதனை பாட்டில் வையுங்கள்.* கட்டும் அன்றைக்கு 100 முட்டை அளவுக்கு ஒரு சின்னத் துண்டை வெட்டி, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயில் துணி கட்டி நிழலில் வையுங்கள். மூன்று நாள் கழித்துப் பூதக்கண்ணாடியில் துளை விழுந்த முட்டைகளை எண்ணுங்கள். எண்பதுக்கு மேல் இருந்தால் நல்ல அட்டை. பாதிகூட இல்லையென்றால், அட்டை கொடுத்தவரிடம் பாட்டிலோடு போய்க் கேளுங்கள். கட்டும் அன்றே துளை இருந்தால், அது பழைய அட்டை.

*வரப்பில் சாப்பாடு வையுங்கள்.* தட்டைப்பயறு, சூரியகாந்தி, கொத்தமல்லி ஏதாவது வரப்பில் இருக்கட்டும். தட்டைப்பயறில் பூவுக்கு வெளியேயும் தேன் சுரப்பதால், குளவிக்குச் சுலபமாக எட்டும். பட்டினியில் இரண்டு நாளில் சாகும் குளவி, தேன் கிடைத்தால் கூடுதல் நாள் தேடும்.

*இரண்டு வயசு அட்டை கேட்டுப் பாருங்கள்.* பிரான்ஸில் மக்காச்சோளத் தண்டுத் துளைப்பானுக்கு, வெவ்வேறு வளர்ச்சி நிலையில் உள்ள டிரைக்கோகிரம்மாவை ஒரே பொதியில் கலந்து கொடுக்கிறார்கள். ஒரு தடவை கட்டினாலும், பல நாள்களுக்கு இளம் குளவிகள் தொடர்ந்து வெளிவரும். நாமும் ஒரு சி.சி.யில் அரை சி.சி. நாளை பொரிப்பதாகவும், அரை சி.சி. மூன்று நாள் கழித்துப் பொரிப்பதாகவும் கேட்கலாம். வயலில் இளம் குளவி இல்லாத நாள்கள் குறையும்.

வாசகர் கேள்விகள்

அட்டையை ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் வைத்துக் கட்டலாமா?
வேண்டாம். கறுப்பான, இன்னும் பொரிக்காத அட்டையை, 10 டிகிரி அளவில் இருக்கும் கீழ்த்தட்டில் சில நாள் வைக்கலாம். ஒரு வாரத்துக்குள் எடுத்துக் கட்டிவிடுங்கள். நாள் கூடக் கூடப் பொரிப்பது குறையும். பொரித்தவையும் வலுவில்லாமல் இருக்கும். ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும்.

நாளை பொரிக்கும் அட்டை கையில் இருக்கிறது. அடைமழை பிடித்துக்கொண்டது. என்ன செய்வது?
பொரிக்க ஆரம்பிக்கவில்லை என்றால், ஃப்ரிட்ஜில் இரண்டு, மூன்று நாள் தள்ளி வையுங்கள். பொரிக்க ஆரம்பித்துவிட்டால் காத்திருப்பதில் பயன் இல்லை. மழை விடும் இடைவெளியில் தோகைக்கு அடியில் கட்டிவிடுங்கள்.

நெல்லுக்கும் இதே 15 நாள் கணக்கா?
இல்லை. தண்டுத் துளைப்பானுக்கு டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் அட்டையை நட்ட 30, 37-வது நாள்களிலும், இலைச்சுருட்டுப் புழுவுக்கு கைலோனிஸ் அட்டையை 37, 44, 51-வது நாள்களிலும் கட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஏக்கருக்கு 2 சி.சி. தேவை.

மருந்து அடித்த வயலில் எப்போது கட்டலாம்?
ரசாயனப் பூச்சிக்கொல்லி அடித்திருந்தால் குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். கட்டிய பிறகும் ஒரு வாரம் எதுவும் அடிக்காதீர்கள். இந்தக் குளவிக்கு நல்ல வயசு இரண்டு நாள்தான். அந்த இரண்டு நாளில் மருந்து வாடை பட்டால் தவணையே வீண்.

குழந்தைகள் தோட்டத்தில் விளையாடுகிறார்கள். இந்தக் குளவி கொட்டுமா?
டிரைக்கோகிரம்மா மனிதரைக் கொட்டாது. தோல் மேல் உட்கார்ந்தாலும் தூசி விழுந்த மாதிரிதான் இருக்கும்.

கேள்வி கேட்ட விழுப்புரம் வாசகி, மறுதாம்புக் கரும்புக்கு இந்த முறை தவணைக்குத் தவணை தேதி போட்ட அட்டையாக வாங்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். சோதனை பாட்டிலும் வைக்கிறாராம். உங்கள் ஊர் அட்டையில் நூற்றுக்கு எத்தனை துளை விழுந்தது என்று எண்ணிப் பார்த்து, நீங்களும் எழுதுங்கள்.